பாய்க்கார ராத்தாவின் கிணறு

பாய்க்கார ராத்தாவுக்கு வெள்ளை என்று ஒரு நிறம் கிடையாது. நாங்களெல்லாம் வெள்ளை என்று சொல்லிவிட்டுக் கடந்து போகிற இடத்தில் அவர் நின்றுவிடுவார். "இது பால் வெள்ள. இது சோத்து வெள்ள. இது நீலம் போட்டு ஏமாத்தின வெள்ள" என்பார். கல்முனைச் சந்தையில் துணிக்கடைக்காரர்கள் அவரைத் தூரத்தில் கண்டதுமே முகத்தைத் திருப்பிக்கொள்வார்களாம். என் மனைவி சொல்லிச் சிரிப்பாள். இரண்டு முழத் துணிக்கு ஒரு மணி நேரம் நின்றால் யாருக்குத்தான் அலுக்காது?

எனக்கும் அலுத்தது. அவருக்கும் எனக்கும் நடுவே இருந்தது ஒரு தகர வேலி. இந்தப் பக்கம் என்னுடைய சாயக்கொட்டில். மருதமுனையில் தறி வைத்திருக்கிறவர்களுக்கு நூலுக்குச் சாயம் போட்டுக் கொடுப்பது என் தொழில். அந்தப் பக்கம் ராத்தாவின் வளவு: சின்னக் கல்வீடு, ஒரு முருங்கை, ஒரு கட்டுக்கிணறு. அவருக்கும் சாயந்தான் தொழில் என்று சொல்லலாம். பன்புல்லைச் சட்டியில் அவித்து, சிவப்பும் பச்சையும் ஊதாவும் ஏற்றி, பாய் இழைத்து விற்பார். ராத்தா என்றால் எங்கள் ஊரில் அக்கா.

ஒரு நாள் காலையில் நான் நீல நூலைக் கொடியில் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். வேலிக்கு மேலே முக்காடு போட்ட தலை தெரிந்தது.

"தம்பி, இடப்பக்கம் கிடக்கிற நாலு கட்டும் மத்ததோட சேராது."

"என்ன ராத்தா கதைக்கிறீங்க? எல்லாம் ஒரே சட்டியில போட்டது."

பொய். அந்த நாலு கட்டும் அடுத்த நாள் வேறு சட்டியில் போட்டவை. எனக்கே வித்தியாசம் தெரியவில்லை என்பதால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

"அப்ப சரி" என்றார். தலை மறைந்தது.

நூல் சேலையாகி, கடைக்குப் போய், உடலில் ஒரு நீலமும் தலைப்பில் இன்னொரு நீலமுமாகத் திரும்பி வந்தது. எனக்குக் கடைக்காரன் மேல் கோபம் வரவில்லை, ராத்தா மேல்தான் வந்தது. கண்டுபிடித்த மனுசி சண்டை பிடித்திருக்க வேண்டாமா? "இல்ல, நீ பொய் சொல்லுற" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் திரும்பப் பார்த்திருப்பேனே! நான் கோபக்காரன் என்பது ஊருக்கே தெரியும். கோபக்காரனுக்குப் பக்கத்து வளவில் கோபமே வராத ஒரு ஆள் இருப்பது எவ்வளவு பெரிய கரைச்சல் என்பது எனக்கு மட்டுந்தான் தெரியும்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கூப்பிட ஆளிருந்தால்தானே பெயர் புழங்கும்? கல்யாணம் கட்டிய மனிதர் ஏழாம் மாதம் வெளிநாடு போனார். இரண்டு கடிதம் வந்தது, மூன்றாவதாகத் தலாக் வந்தது. பிள்ளை இல்லை. ஒரே தம்பி இறக்காமத்தில் பெண் எடுத்து, எங்கள் வழக்கப்படி பெண் வீட்டோடு போய்விட்டார். அவருக்கு அங்கே வயல், வயலுக்கு யானைக் காவல். பெருநாளைக்குப் பெருநாள் வந்து போவார். உம்மா மௌத்தான பிறகு அந்த வீட்டில் ராத்தா மட்டுந்தான்.

ஆனாலும் அந்த வீட்டிலிருந்து பேச்சுக் குரல் கேட்கும். "ஏறு, ஏறு. இன்னும் கொஞ்சம் ஏறு. என்னடி உனக்கு மட்டும் இவ்வளவு பிடிவாதம்?" என்று கேட்கும். விருந்தாளி வந்திருப்பதாக நினைத்து என் மனைவி ஒரு நாள் இரண்டு கோப்பைத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு போனாள். அங்கே ஒருவருமில்லை. சட்டிக்குள் கிடந்த புல்லோடுதான் கதைத்துக்கொண்டிருந்தாராம். சிரித்துக்கொண்டே இரண்டு கோப்பையையும் ராத்தாவே குடித்திருக்கிறார். "ஊத்தினத வீணாக்கப்படாது புள்ள" என்றாராம்.

அந்தக் கிணறு அவருடைய உம்மாவுக்குச் சீதனமாக வந்த வளவில் வெட்டியது. பிறகு குழாய்த் தண்ணீர் எங்கள் ஒழுங்கைத் தெருவுக்கும் வந்தது. எல்லோரும் கிணற்றை மறந்தோம். சிலர் மூடிவிட்டார்கள். ராத்தா மட்டும் "குழாய் குடிக்க, கிணறு தொழ" என்று சட்டம் போட்டுக்கொண்டார். குழாய்த் தண்ணீரில் மருந்து மணக்கிறதாம், தொழுகைக்குக் கை கால் கழுவி வுளு எடுக்க மனம் வரவில்லையாம். அந்த மணத்தால் ஒன்றும் இல்லை என்று பள்ளி மௌலவி சொல்லியும் கேட்கவில்லை. மௌலவியே ஒரு முறை என்னிடம் தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார். நிறம், மணம், ருசி மூன்றில் ஒன்று மாறினாலும் தண்ணீர் வுளுவுக்கு ஆகாது என்று பெண்களுக்கான பயான் சொற்பொழிவில் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து ராத்தா அவரை விடவில்லையாம்.

ஆனால் கிணற்று விஷயத்தில் அவர் மனதில் இருந்தது வுளு மட்டுமில்லை. வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும், சமையல் கதைக்கிற மாதிரிச் சாதாரணமாக, ஒரு சொல் சொல்லிவைப்பார்.

"உம்மாவக் குளிப்பாட்டினது இந்தத் தண்ணியில. நான் மௌத்தானா என்னையும் இதுலதான் குளிப்பாட்டணும். வேற ஒண்டும் கேக்கல்ல. என்னக் கழுவ வாற பொம்பிளைகள் ஆரெண்டு எனக்குத் தெரியாது. தண்ணியாவது தெரிஞ்ச தண்ணியா இருக்கட்டும்."

இதைச் சொல்லிவிட்டு அடுத்த சொல்லாக முருங்கைக்காய் வேணுமா என்று கேட்பார்.

எங்கள் ஊர் மண் கடற்கரை மணல். எதை ஊற்றினாலும் குடித்துவிடும். சாயம் போட்டு, நூல் அலசிய தண்ணீரை நான் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு குழியில் விட்டுக்கொண்டிருந்தேன். காலையில் விட்டால் மத்தியானம் குழி காய்ந்து கிடக்கும். மணல் குடித்ததை எங்கே கொண்டுபோய் வைக்கிறது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசிக்க விரும்பவில்லை என்பதுதான் சரி.

ஒரு நாள் ராத்தா வேலியடியில் நின்று கூப்பிட்டார். இரண்டு கையிலும் இரண்டு வெள்ளைப் பீங்கான் கோப்பை. தண்ணீரைப் பார்க்க அவருக்கு எப்போதும் இரண்டு கோப்பை வேண்டும். "ஒண்ட மட்டும் பாத்தா கண்ணு பழகிடும்" என்பார்.

"தம்பி, இது குழாய்த் தண்ணி. இது என்ட கிணறு. பாத்துச் சொல்லுங்க, இதுல நிறம் இரிக்கா?"

பார்த்தேன். இருந்தது. வெள்ளைச் சட்டைக்குக் கொஞ்சம் நீலம் கூடிப்போனால் இருக்குமே, அப்படி. எந்தச் சேலைக்குப் போட்ட சாயம் என்றுகூட எனக்குத் தெரிந்தது.

"எங்க ராத்தா? ரெண்டும் ஒண்டுதானே."

"வடிவாப் பாருங்க."

"பாத்திட்டன். தண்ணியில ஒண்டுமில்ல. உங்கட கண்ணத்தான் காட்டணும். வயசு போகுதுதானே."

அவர் கோப்பைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திரும்பவும் கோப்பைகளைப் பார்த்தார்.

"அப்ப சரி" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், பயம். ஓம் என்று ஒரு சொல் சொன்னால் அது பள்ளிக்குப் போகும், அரசாங்கக் கந்தோருக்குப் போகும், கொட்டிலை மூடு என்று யாராவது கடுதாசி கொண்டுவந்து நீட்டுவார்கள். என்னிடம் மூன்று பேர் வேலை செய்தார்கள். இதெல்லாம் நியாயந்தான். ஆனால் கண்ணைக் காட்டு என்று சொல்லியிருக்க வேண்டியதில்லை. அது பயத்தில் வந்ததில்லை, என்னுடைய வாய்க்கொழுப்பு.

அவர் மௌலவியையும் கூப்பிட்டுக் காட்டினார். மௌலவி பொய் சொல்கிறவர் இல்லை. வாளிக்குள் எட்டிப் பார்த்தார், உண்மையாகவே அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "தெளிவாத்தான் இரிக்கி ராத்தா. சந்தேகமெண்டா குழாய்த் தண்ணியப் பாவிங்க" என்றுவிட்டுப் போனார். ஆக, ஒழுங்கை முழுவதிலும் அந்த நீலத்தைக் கண்டவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவன் இல்லை என்று சொல்லிவிட்டான்.

அடுத்த கிழமை ராத்தா பஸ் ஏறி ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்குப் போனார். விடிய எழும்பிப் போனவர் பின்னேரந்தான் வந்தார். வந்தவர் வீட்டுக்குள் போகாமல் நேரே வேலியடிக்கு வந்தார்.

"தம்பி, கண் காட்டிட்டு வாறன். கண்ணு நல்லமாம்."

அவ்வளவுதான். குரலில் குத்தல் இல்லை, குற்றச்சாட்டு இல்லை. நான் காட்டச் சொன்னேன், காட்டினார், முடிவைச் சொல்ல வந்திருந்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றேன் நான். நாக்குக் கூசாமல்! அன்று சோறு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று மனைவியிடம் இன்னொரு பொய் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் கிணற்றுத் தண்ணீரில் வுளு எடுக்கவில்லை. ஆனால் பழக்கத்தையும் விடவில்லை. குழாயில் ஒரு வாளி பிடித்து, அதைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய், கிணற்றுக் கட்டோரம் குந்தியிருந்து குழாய்த் தண்ணீரில் கை கால் கழுவுவார். ஐந்து நேரமும் நான் வேலியிடுக்கால் அதைப் பார்த்தேன். என்ன மனுசன் நான்!

கத்தரித் தண்டு கதை இதற்குப் பிறகு வந்தது. புல் அவிக்கிற அடுப்புக்கு ராத்தா விறகு வாங்குவதில்லை. நாவிதன்வெளிப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் காய் முடிந்த கத்தரிச் செடியையும் வெண்டிச் செடியையும் பிடுங்கி வரம்பில் குவித்து எரிப்பார்கள். சந்தைக்கு மரக்கறி கொண்டுவருகிற வண்டிக்காரரிடம் சொல்லி, அந்தக் காய்ந்த செடிகளைச் சாக்குச் சாக்காக இறக்குவித்து வைத்திருப்பார். கிணற்றடிச் சீமெந்தில் அவை குவிந்து கிடக்கும்.

ஒரு நாள் சட்டியில் மிஞ்சிய ஊதாச் சாயத் தண்ணீரை அந்தக் குவியலில் ஊற்றிவிட்டுத் திரும்பியிருக்கிறார். குவியலின் மறுபக்கத்தால் சீமெந்தில் வடிந்து வந்த தண்ணீரில் ஊதாவைக் காணவில்லை.

"புள்ள! இஞ்ச ஓடி வா! நீயும் பாரு!"

அவர் அப்படிக் கத்தி நாங்கள் கேட்டதே இல்லை. என் மனைவி பதறிக்கொண்டு ஓடினாள். ராத்தா இன்னொரு வாளி ஊற்றிக் காட்டினார். "மெய்தான் ராத்தா. தெளிவா வருதே!" என்றாளாம் இவள். அதைக் கேட்டதும் ராத்தா இவளுடைய கையைப் பிடித்தவர் வெகு நேரம் விடவில்லை. "கை நோகுது எண்டு சொல்லவும் மனம் வரல்ல" என்று வந்து சொன்னாள். அவளுக்கு அதன் காரணம் தெரியாது. எனக்குத் தெரியும். தான் கண்டதை இன்னொருவரும் கண்டதாகச் சொல்லி அவர் எத்தனை மாதம் ஆகியிருந்தது!

அன்றிலிருந்து புல்லோடு பேசிய பேச்சு தண்டோடு பேசுகிற பேச்சாக மாறியது. தண்டைச் சின்னதாக வெட்டி, அவித்து, மூன்று முறை தண்ணீர் மாற்றிக் கழுவுவார். தண்டுக்கென்று ஒரு பழுப்பு நிறம் இருக்கிறது, முதலில் அது போக வேண்டும். பிறகு வெயிலில் காயவைத்து, உரலில் இடித்து, அடியில் ஓட்டை போட்ட வாளியில் அடைத்து வைப்பார். சிவப்பை ஊற்றினால் சிவப்பு நிற்கும், பச்சையை ஊற்றினால் பச்சை நிற்கும். கீழே வெறும் தண்ணீர் வடியும்.

"தம்பி, உங்கட தண்ணியில ஒரு வாளி தாங்க. பாப்பம்" என்றார்.

நான் வேடிக்கை பார்க்க இன்னும் இரண்டு சாயக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். ராத்தா முதலில் தன் சிவப்பை ஊற்றிக் காட்டினார். கீழே தெளிவாக வந்தது. "மாஷா அல்லாஹ்" என்றார்கள் இருவரும். பிறகு என் நீலத்தை ஊற்றினார். நாங்கள் குனிந்து பார்த்தோம். வந்தது கறுப்பாக வந்தது. நீலமும் போகவில்லை, தண்டின் பழுப்பும் கரைந்து சேர்ந்து, ஊற்றியதைவிட மோசமாக வந்தது.

"ராத்தா, சாயம் எடுக்கல்ல, தேத்தண்ணி போட்டிரிக்கீங்க! சீனி எங்க?" என்றார் ஒருவர். மூவரும் சிரித்தோம். அதிகச் சத்தமாகச் சிரித்தவன் நான்.

ராத்தா செய்த பிழை இதுதான். வாழ்க்கை முழுவதும் புல்லுக்குச் சாயம் போட்டவர், சாயமென்றால் எல்லாம் ஒரே சாயம் என்று நினைத்துவிட்டார். நிறத்தில் அவ்வளவு நுட்பம் பார்க்கிறவருக்கு, நிறத்துக்குப் பின்னால் இருக்கிற பொருள் வேறு வேறு என்று தோன்றவில்லை. அவர் சிரிப்பைக் கவனிக்கவில்லை. என் வாளிக்குள் விரலை விட்டு, பெருவிரலோடு சேர்த்து உரசிப் பார்த்தார்.

"வழுக்குது."

"சோடா போடுறம் ராத்தா. இல்லாட்டி நூல் சாயம் பிடிக்காது."

"ம்" என்றார். உள்ளே போய்விட்டார்.

பிறகு பல நாளாக அந்தப் பக்கமிருந்து புளிப்பு மணம் வந்தது. புளி கரைத்துப் பார்த்தார், புளிக்கே நிறம் இருக்கிறது. தேசிக்காய் பிழிந்தார், கட்டுப்படியாகவில்லை. கடைசியில் வினாகிரிப் போத்தலோடு வேலியடிக்கு வந்தார். முகத்தில் ஒரு சிரிப்பு.

"வழுக்கல் போய்ப் புளிப்பு ஏறினாத்தான் தண்டு உங்கட நீலத்தப் பிடிக்குது தம்பி. என்ட சாயம் சாது, சொன்ன உடன வந்து ஒட்டிடும். உங்கட சாயத்துக்குக் கோபம் கூட. ஆளப் போல."

போய்ப் பார்த்தேன். அரை நாள் தண்டோடு ஊறி, இரண்டாவது வாளிக்கும் மாறி வந்த தண்ணீர் கோப்பையில் இருந்தது. எனக்கு அதில் நிறமே தெரியவில்லை.

"போயிட்டே ராத்தா!"

"இல்ல. இன்னும் இரிக்கி."

"எங்க?"

"கோப்பையப் பக்கத்தால பாக்காதீங்க. மேல இருந்து, அடி தெரியப் பாருங்க."

பார்த்தேன். அடியில், மெல்லியதாக, இருந்தது. அதுவரை நான் பார்த்ததெல்லாம் பார்வையே இல்லை என்று அப்போது தோன்றியது. அந்த நேரத்திலேயே சொல்லியிருக்கலாம். "ராத்தா, அண்டைக்கு உங்கட கோப்பையில நிறம் இருந்த, நான் கண்ட" என்று சொல்லியிருக்கலாம். "இன்னொரு வாளி வைப்பம்" என்றுதான் சொன்னேன்.

கொட்டிலுக்குப் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் பரல் வைத்தேன். அலசிய தண்ணீருக்கு வினாகிரி, பிறகு முதல் பரல் தண்டு, பிறகு இரண்டாம் பரல் தண்டு, கடைசியில் புளிப்பை முறிக்க அடுப்புச் சாம்பல், அதன் பிறகுதான் குழி. சாயம் குடித்த தண்டைக் காயவைத்து என் சட்டி அடுப்பிலேயே எரித்தேன். ராத்தா காலையும் மாலையும் ஒழுங்கையால் சுற்றி, படலையைத் திறந்து, இரண்டு கோப்பையோடு வந்து பார்ப்பார். என் வேலையாட்கள் அவருக்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்தார்கள். "இன்ஸ்பெக்டர் வாறா, சாம்பல் போட்டியாடா?" என்பார்கள். அது அவர் காதில் விழும். அதற்கென்றே கொஞ்சம் நிமிர்ந்து நடப்பார். அந்த மாதங்களில் அவர் சட்டியோடு கதைத்தது குறைந்துபோயிருந்தது.

மாரி வந்தது, கிணறு நிறைந்தது. நிறம் மெல்ல மெல்ல இறங்கியது. "கிணறு சுகமாகுது தம்பி" என்றார். "எனக்கு முந்தி அது சுகமாகிட்டா போதும்."

இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட எனக்கு ஆசைதான்.

நோன்புப் பெருநாளுக்கு முந்திய மாதங்கள் எங்களுக்குப் பைத்தியம் பிடிக்கிற காலம். விடிந்தால் பொழுதுபட்டால் சட்டி இறங்காது. தண்டை மூன்று நாளைக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், பரலில் அரை நாள் ஊறவிட வேண்டும். எனக்கு நேரமில்லை. பத்து நாளைக்குத்தானே என்று பரலுக்குப் போகிற குழாயைக் கழற்றி நேரே குழிக்குப் போட்டேன். பத்து நாள் ஒன்றரை மாதமானது.

ராத்தா வந்தார். பரலுக்குள் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, தண்டு காஞ்சு கிடக்கே."

"உங்களுக்கு வேற வேல இல்லியா ராத்தா?" என்று கத்தினேன். வேலையாட்கள் மூவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். "எனக்கு இஞ்ச தலைக்கு மேல வேல கிடக்கு. நீங்க தனிக்கட்ட, உங்களுக்குப் பொழுது போகல்ல. அதுக்கு நானா கிடச்ச?"

தனிக்கட்டை என்ற சொல் வாயை விட்டுப் போனதும் பிடிக்கப் பார்த்தேன். பிடிக்கிற சாமானா அது?

"அப்ப சரி" என்றார். கோப்பை இரண்டையும் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்துக்கொண்டு போனார். அதன் பிறகு அவர் எங்கள் படலையைத் திறக்கவில்லை.

பெருநாள் முடிந்து நான் வேலியடிக்குப் போனபோது, தகரத்தின் மேலே மூன்று சாக்கு வைத்துக் கட்டியிருந்தது. வெட்டி, அவித்து, கழுவி, காயவைத்து, இடித்த தண்டு. நான் கத்திய நாளுக்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. பரல்களைத் திரும்ப ஓட்டினேன். சாக்கு முடிய முடியப் புதிய சாக்கு வேலியில் இருக்கும். ஆள் மட்டும் வரமாட்டார்.

என் மனைவி பொறுக்க முடியாமல் அவரிடம் கேட்டிருக்கிறாள். "நாலு ஆளுக்கு முன்னால அப்பிடிக் கத்தினவர். நீங்களும் நல்லாத் திருப்பிக் குடுத்திருந்தா என்ன ராத்தா?"

"திருப்பிக் கத்தினா நாளைக்கு ஆரோட கதைக்கிற புள்ள?" என்றாராம். "எனக்கு இரிக்கிறது ஒரு வேலி. அதுக்கு அங்கால நீங்க ரெண்டு பேருந்தான்."

இதை அவள் எனக்குச் சொன்னபோது நான் நூல் முறுக்கிக்கொண்டிருந்தேன். கைவேலையை விடாமல் ஓம் ஓம் என்றேன். வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாளைக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அப்படி எத்தனை நாளைக்கு நினைத்தேன் என்று கேட்காதீர்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அடுப்புப் புகை வரவில்லை. மனைவி போய்ப் பார்த்தாள். படுத்தபடியே மௌத்தாகியிருந்தார்.

தம்பியார் குடும்பத்தோடு இறக்காமத்திலிருந்து பதினொரு மணிக்குள் வந்துவிட்டார். கிணற்றடியில் ஒரு பக்கத்தைச் சேலை கட்டி மறைத்தார்கள். குளிப்பாட்டுவதற்குப் பள்ளி மூலமாக வந்த பெண்கள் உள்ளே இருந்தார்கள். ராத்தாவை அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அவருடைய ஆசை மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "ராத்தாட வசிய்யத்து. கிணத்துத் தண்ணிதான்" என்று தம்பியாரே வாளியை இறக்கி, இரண்டு அண்டாவும் நிறைய இறைத்தார்.

"மௌலவி, ஒருக்காப் பாத்திடுங்க. ராத்தா இந்த விஷயத்துல கடும்."

மௌலவி குனிந்து பார்த்தார். "நல்ல தண்ணி. தெளிவாத்தான் இரிக்கி" என்றார். பக்கத்தில் நின்ற இன்னும் இரண்டு பேரும் பார்த்தார்கள். ஓம் என்றார்கள். தம்பியார் என் பக்கம் திரும்பி, அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார்.

"காக்கா, நீங்க சாயக்காரர். நீங்களும் ஒரு சொல் சொல்லுங்க."

அண்டாவுக்கு மேலாகக் குனிந்து, அடி தெரியப் பார்த்தேன். பழைய அளவு இல்லை. பாதிக்குப் பாதிகூட இல்லை. ஆனால் இருந்தது. பெருநாளுக்கு முன் நான் குழிக்குள் நேரே விட்ட நீலம்.

ஒரு பொய் சொன்னால் அவருடைய ஆசை நிறைவேறும். எனக்குப் பழக்கமான பொய்தான், புதிதாக யோசிக்க வேண்டியதும் இல்லை. உண்மையைச் சொன்னால், அந்த மனுசி உலகத்தில் கேட்டுவைத்த ஒரே ஒரு விஷயத்தை அவருடைய மையத்துக்கு, அந்த உடலுக்கு முன்னால் நின்று நானே இல்லாமலாக்க வேண்டும். உள்ளே கிடக்கிறவர் எதை விரும்புவார்? அதைக் கேட்க எனக்கு எத்தனையோ காலைகள் இருந்தன.

"நிறம் இரிக்கி" என்றேன்.

"எங்க?" என்றார் மௌலவி. திரும்பவும் குனிந்தார். "எனக்கு ஒண்டும் தெரியல்லியே."

"எனக்கும் தெரியல்ல" என்றார் தம்பியார்.

"இரிக்கி. நீலம். என்ட கொட்டில் நீலம்." என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "முந்தியும் இருந்த. ராத்தா கோப்பையில கொண்டு வந்து காட்டிக் கேட்டவ. நான் கண்ட. கண்டுக்கிட்டே இல்லெண்டு சொன்ன. அவட கண்ணுதான் பழுது எண்டு சொன்ன."

உள்ளே நின்ற என் மனைவி சேலை மறைப்பை விலக்கி என்னைப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

தம்பியார் திரும்பவும் அண்டாவுக்குள் குனிந்து பார்த்தார். அவருக்கு இன்னமும் அதில் ஒன்றும் தெரிந்திருக்காது.

"அப்ப ராத்தா கேட்ட தண்ணி?"

"இது ஆகாது தம்பி. அவ இருந்தா விடமாட்டா."

அவர் இரண்டு அண்டாவையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரித்துக் கொட்டினார். ஒருவர் குழாயைத் திறந்தார். அந்த நேரத்தில் எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் மெல்லிசாகத்தான் வரும். அண்டா நிறைய வெகு நேரம் ஆனது. அது நிறையும்வரை ராத்தா உள்ளே கிடந்தார், நான் குழாயடியில் நின்றேன்.